சக பயணிகளின் அனுபவத்தைக் கொண்டு சொகுசுக் கப்பலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கப்பல் நிறுவனங்கள் வெளியிடும் படங்களை மட்டும் பார்த்தால் எல்லாச் சொகுசுக் கப்பல்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். நீல நிற நீச்சல் குளம், வெள்ளை விரிப்பு போட்ட படுக்கை, ஆளில்லாத மேல்தளம், கண்ணாடி வழியே தெரியும் அந்தி வானம் என்று எதிலும் குறையிருக்காது. அதே கப்பலில் சென்று வந்த இருவரிடம் விசாரித்தால் ஒருவர் வாழ்நாளில் இதைப் போன்ற விடுமுறை அமைந்ததில்லை என்பார். மற்றவர் இனி அந்தக் கப்பலின் பக்கமே போகமாட்டேன் என்பார். முதல்முறை செல்பவர் குழம்பிப்போவது இந்த இடத்தில்தான். இருவர் சொல்வதும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும், ஏனென்றால் அவர்கள் போன மாதம் வேறு, தங்கிய அறை வேறு, கடலிடம் எதிர்பார்த்தது வேறு. ஆகவே பயணிகள் கூறும் முடிவைத் தள்ளிவைத்துவிட்டு, அந்த முடிவுக்கு அவர்களைக் கொண்டுசென்ற விவரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளப் பழக வேண்டும். அதை எந்த வரிசையில் செய்யலாம் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

முதற்படி: உங்கள் தேவையை எழுதிக்கொள்ளுங்கள்

பிறர் அனுபவத்தைத் தேடுவதற்கு முன் ஒரு தாளில் உங்களைப் பற்றி எழுதுங்கள். உடன் வருபவர்கள் யார், அவர்களுடைய வயது என்ன, படியேறுவதில் யாருக்கேனும் சிரமம் உண்டா, சிறு சத்தத்துக்கும் விழித்துக்கொள்பவர் இருக்கிறாரா, ஊர் பார்ப்பது முக்கியமா அல்லது கப்பலிலேயே ஓய்வெடுப்பது முக்கியமா, மாலை நேரத்தில் ஆட்டமும் பாட்டமும் வேண்டுமா அல்லது அமைதியாக ஒரு நாற்காலி கிடைத்தால் போதுமா என்பவற்றுக்கு நேர்மையாக விடை எழுதுங்கள். இந்தத் தாள் இல்லாமல் படிக்கத் தொடங்கினால், யார் அதிக உணர்ச்சியோடு எழுதியிருக்கிறாரோ அவர் பக்கம் மனம் சாய்ந்துவிடும்.

சில தேவைகள் தேடலை உடனே சுருக்கிவிடும். வைக்கிங் நிறுவனத்தின் கடற்கப்பல்களிலும் வர்ஜின் வாயேஜஸ் கப்பல்களிலும் 18 வயது நிரம்பாதவர்களை ஏற்றுவதில்லை; குழந்தைகளுடன் செல்பவர் அவற்றைப் பற்றிய புகழுரைகளைப் படித்து நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. தனியாகச் செல்பவர் பெரும்பாலான கப்பல்களில் இருவருக்கான அறைக்குரிய கட்டணத்தை, அல்லது அதில் பெரும்பகுதியை, ஒருவராகவே செலுத்த நேரிடும். 2010இல் கடலுக்கு வந்த நார்வேஜியன் எபிக் கப்பலில் தனிப்பயணிகளுக்கென்றே சிறிய அறைகளும் அவர்கள் கூடிப் பேச ஒரு பொதுக்கூடமும் அமைத்தார்கள். அத்தகைய வசதியுள்ள கப்பல்களைப் பற்றித் தனியாகச் சென்றவர்கள் சொல்வதே தனியாகச் செல்ல இருப்பவருக்கு உதவும்.

இரண்டாம் படி: நிறுவனம் வேறு, கப்பல் வேறு, பயணம் வேறு

ஒரு நிறுவனத்தின் பெயரைக் கேட்டதும் அதன் எல்லாக் கப்பல்களும் ஒரே தரத்தில் இருக்கும் என்று எண்ணுவது புதியவர்களிடம் மிகவும் சாதாரணம். ஒரே நிறுவனத்திடம் இருபது வயதைத் தாண்டிய கப்பலும் சென்ற ஆண்டு கட்டிய கப்பலும் சேர்ந்தே இருக்கும். எனவே "அந்த நிறுவனம் நன்றாக இருந்தது" என்பவரிடம் கப்பலின் பெயரைக் கேளுங்கள். பெயரைச் சொல்பவரிடம் எந்த மாதம், எந்த வழித்தடம் என்று கேளுங்கள்.

கப்பலின் பெயரும் மாறக்கூடும். இப்போது கார்னிவல் லூமினோசா என்ற பெயரில் ஓடும் கப்பல் 2009இல் கோஸ்டா லூமினோசாவாகப் பிறந்து 2022இல் கைமாறியது. இப்படிப்பட்ட கப்பலின் முந்தைய வரலாற்றைத் தேடுபவர் அதன் ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். ஏழு இலக்கங்கள் கொண்ட அந்த எண், உரிமையாளரும் பெயரும் கொடியும் மாறினாலும் கப்பலின் ஆயுள் முழுவதும் மாறாது. பழைய பெயரில் பயணம் செய்தவர்கள் அறைகளின் அளவு, அதிர்வு, படிக்கட்டுகளின் அமைப்பு ஆகியவற்றைப் பற்றிக் கூறியவை இன்றும் பெருமளவு பொருந்தும். உணவையும் உபசரிப்பையும் பற்றிக் கூறியவை பொருந்தா.

ஒரே வரைபடத்தில் கட்டப்பட்ட உடன்பிறப்புக் கப்பல்களுக்கும் இதே விதியைக் கையாளலாம். நீங்கள் பார்த்துவைத்த கப்பலைப் பற்றிப் போதிய அளவு தகவல் கிடைக்காதபோது, அதே வகுப்பைச் சேர்ந்த மற்றொரு கப்பலில் சென்றவரிடம் கட்டமைப்பைப் பற்றித் தாராளமாகக் கேளுங்கள்.

பராமரிப்புக்காகக் கப்பலை நீரிலிருந்து வெளியே எடுக்கும் உலர்துறைப் பணி எப்போது நடந்தது என்பதையும் பாருங்கள். தரைவிரிப்பு நைந்திருந்தது, குளியலறைக் குழாய் ஒழுகியது என்ற குறைகள் அந்தப் பணிக்கு முன்பு எழுந்தவையாக இருந்தால் இன்று அவை தீர்ந்திருக்க வாய்ப்புண்டு. பணிக்குப் பிறகும் அதே குறைகள் வருமானால் அவற்றைத் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: சொல்பவர் யார் என்று பாருங்கள்

இந்தப் படிக்கு எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும். ஓர் அனுபவத்தைப் படிக்கும்போது அதைச் சொல்பவரைப் பற்றி ஐந்து செய்திகளைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்: எப்போது சென்றார், எத்தனை நாள் பயணம், யாருடன் சென்றார், எந்த அறையில் தங்கினார், இதற்கு முன் எந்தக் கப்பல்களில் சென்றிருக்கிறார். இவற்றில் குறைந்தது மூன்றேனும் தெரியாவிட்டால் அந்தக் குறிப்பைக் குறைந்த எடையுடனே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

காலம் ஏன் முக்கியம் என்றால், 2020இல் கொரோனாவால் உலகம் முழுவதும் சொகுசுக் கப்பல்கள் நின்றுபோய், 2021இலும் 2022இலும் படிப்படியாகத் திரும்பியபோது பல நடைமுறைகள் மாறிவிட்டன. பயணிகள் அனைவரையும் ஒரே நேரத்தில் திரட்டி நடத்திய பாதுகாப்புப் பயிற்சி பல கப்பல்களில் கைப்பேசியில் காணொளி பார்த்துவிட்டு உரிய கூடுமிடத்தில் வருகையைப் பதிவுசெய்வதாகச் சுருங்கியது. கப்பல் இணையம் ஆமை வேகம் என்ற பழைய குறையும் 2022க்குப் பிறகு பூமிக்கு அருகே சுற்றும் தாழ்வட்டச் செயற்கைக்கோள்களின் இணைப்பு பல கப்பல்களுக்கு வந்ததால் வலுவிழந்துவிட்டது. ஆகவே மிகப் பழைய குறிப்புகளிலிருந்து கப்பலின் உடலமைப்பை மட்டும் அறியலாம்; வாழ்க்கை முறையை அறியக் கடந்த ஓராண்டுக்குள் சென்றவர்களையே நாடுங்கள்.

பயணத்தின் நீளம் உடன் வருபவர்களின் தன்மையையே மாற்றிவிடும். மூன்று, நான்கு நாள் பயணங்களில் நண்பர் கூட்டங்களும் இளைஞர்களும் அதிகமாக இருப்பார்கள். இரவு நெடுநேரம் இசை ஓயாது. இரண்டு வாரங்களுக்கு மேற்பட்ட பயணங்களில் பணி ஓய்வு பெற்றவர்கள் பெருகுவார்கள். நூலகமும் சொற்பொழிவும் நிரம்பும், நடனத் தளம் சீக்கிரமே காலியாகும். ஒரே கப்பல் இந்த இரு வகைப் பயணங்களையும் அடுத்தடுத்த மாதங்களில் செய்யக்கூடும். பள்ளி விடுமுறைக் காலம் இன்னொரு பெரிய பிரிவினை. விடுமுறைக் காலத்தில் சென்றவர் குழந்தைகளின் ஆரவாரத்தைப் பற்றி எழுதியதைப் பள்ளி நடக்கும் மாதத்தில் செல்ல இருப்பவர் அப்படியே நம்ப வேண்டியதில்லை. அதற்கு நேர்மாறாக நம்பி ஏமாறவும் கூடாது.

வழித்தடமும் அப்படித்தான். மத்தியதரைக் கடலில் எம்எஸ்சி, கோஸ்டா போன்ற நிறுவனங்களின் பல பயணங்களில் பயணிகள் ஒரே துறைமுகத்தில் ஏறாமல் வழியிலுள்ள வெவ்வேறு துறைமுகங்களில் ஏறி இறங்குவார்கள். அறிவிப்புகள் பல மொழிகளில் வரும். ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் சிலருக்கு முதல் நாளாகவும் சிலருக்குக் கடைசி நாளாகவும் இருக்கும். பல நாட்டு மக்களோடு பழக விரும்புபவருக்கு இது மகிழ்ச்சி தரும். எல்லாரும் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாகத் திரும்பும் கூட்டுணர்வை எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றம் தரும்.

நான்காம் படி: குறைகளையும் புகழையும் சலித்தெடுங்கள்

முழு மதிப்பெண் கொடுத்தவர்களையும் மிகக் குறைந்த மதிப்பெண் கொடுத்தவர்களையும் முதலில் படிக்காதீர்கள். நடுவில் நின்று, இது நன்றாக இருந்தது, இது நன்றாக இல்லை என்று பிரித்துச் சொல்பவர்களே உங்களுக்கு அதிகம் கற்றுத்தருவார்கள். அவர்களைப் படித்த பிறகு இரு ஓரங்களுக்கும் சென்றால், அங்கே சொல்லப்படுவதில் எது தனிமனித மனநிலை, எது கப்பலின் இயல்பு என்பது விளங்கத் தொடங்கும்.

குறைகளை மூன்று குவியல்களாகப் பிரியுங்கள். முதல் குவியலில் கப்பலின் கையில் இல்லாதவற்றைப் போடுங்கள். மழை, பேரலை, காற்றினால் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்தது போன்றவை இதில் சேரும். துறைமுகத்தை மாற்றவும் கைவிடவும் கப்பல் தலைவருக்கு உரிமை உண்டு என்பது பயணச்சீட்டு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். பாதுகாப்பை முன்னிட்டு அவர் அப்படிச் செய்ததற்காகக் கப்பலைக் குறைவாக மதிப்பிடுவது நியாயமாகாது. ஆயினும் இந்தக் குவியலையும் எறிந்துவிடாதீர்கள். ஒரே துறைமுகம் ஒரே பருவத்தில் மீண்டும் மீண்டும் தவறிப்போகிறது என்று பலர் சொன்னால், அந்தத் துறைமுகத்துக்காகவே நீங்கள் அந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்களா என்று எண்ணிப்பார்க்க வேண்டும். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீடிப்பதால், அந்த மாதங்களில் கரீபியன் கடலுக்குச் சென்றவர்களின் குறிப்புகளில் வழித்தட மாற்றம் இடம்பெறுவதில் வியப்பில்லை.

இரண்டாம் குவியலில் ஒருவருக்கு மட்டும் நேர்ந்தவற்றைப் போடுங்கள். பெட்டி தாமதமாக வந்தது, ஒரு பணியாளர் முகங்கொடுத்துப் பேசவில்லை, ஒரு வேளை உணவு ஆறிப்போயிருந்தது என்பவை எந்தக் கப்பலிலும் நிகழக்கூடியவை. மூன்றாம் குவியலே நீங்கள் தேடுவது: ஒருவரையொருவர் அறியாத பலர், வெவ்வேறு பயணங்களில், ஒரே குறையை ஒரே இடத்தில் கண்டது. பின்பகுதி அறைகளில் இரவு முழுவதும் அதிர்வு, காலை எட்டரைக்கு மேல் பஃபேயில் உட்கார இடமின்மை, நிகழ்ச்சிக்கு முன்பதிவு செய்யாவிட்டால் அரங்கில் நுழைய முடியாமை போன்றவை இவ்வாறு திரும்பத் திரும்ப வந்தால் அவற்றைக் கப்பலின் குணமாகவே கொள்ளலாம்.

புகழையும் இதே கண்டிப்போடு பாருங்கள். குறிப்பிட்ட பணியாளரின் பெயரைச் சொல்லி மனமாரப் பாராட்டுபவர்கள் நிறைய இருப்பார்கள். அந்தப் பாராட்டு உண்மையானது, அதற்குரியவர்கள் கடினமாக உழைப்பவர்கள். ஆனால் கப்பல் பணியாளர்கள் சில மாத ஒப்பந்தத்தில் வந்து, விடுப்பில் சென்று, பல நேரங்களில் வேறு கப்பலுக்கு மாற்றப்படுகிறார்கள். நீங்கள் ஏறும் நாளில் அவர் அங்கே இல்லாமலிருக்கலாம். இலவசமாகவோ சலுகைக் கட்டணத்திலோ அழைத்துச் செல்லப்பட்டவர் கூறுவதையும் தனியாக வைத்துப் படியுங்கள்.

ஐந்தாம் படி: கூட்டத்தை எண்ணாலும் கண்ணாலும் அளவிடுங்கள்

கப்பலின் மொத்தக் கொள்ளளவு ஜிடி (கிராஸ் டன்னேஜ்) என்ற அலகில் தரப்படும். பலரும் இதை எடை என்று நினைக்கிறார்கள். இது கப்பலின் உள்ளடங்கிய பரப்பின் கன அளவைக் குறிக்கும் எண். இதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒருவருக்கு எவ்வளவு இடம் என்ற விகிதம் கிடைக்கும். ராயல் கரீபியன் நிறுவனம் 2024 ஜனவரியில் இயக்கத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலின் அளவு 2,48,663 ஜிடி. அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பயணிகள். விகிதம் 44 ஆகிறது. கூடுதல் படுக்கைகளும் நிரம்பி 7,600 பேர் ஏறினால் அதே விகிதம் 33க்குக் கீழே இறங்கிவிடும். பள்ளி விடுமுறையில் சென்றவரும் மற்ற மாதத்தில் சென்றவரும் கூட்டத்தைப் பற்றி முரணாகப் பேசுவதற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

இந்த எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. 2001இல் மூடப்பட்ட ரெனைசான்ஸ் குரூசஸ் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டு, இன்று ஓஷியானியா, அஸமாரா ஆகிய நிறுவனங்களில் ஓடும் சிறிய கப்பல்களின் அளவு சுமார் 30,000 ஜிடி. பயணிகள் ஏறத்தாழ 700 பேர். அங்கும் விகிதம் 43, 44 என்ற அளவில்தான் வருகிறது. ஆனால் அந்தச் சிறிய கப்பலில் இருப்பதும் ஐகானில் இருப்பதும் சற்றும் ஒப்பிட முடியாத இரு வேறு வாழ்க்கைகள். கரையிலிருந்து திரும்பும்போது எத்தனை நிமிடம் வரிசையில் நின்றார்கள், லிப்டுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், கடலில் கழியும் நாளில் நீச்சல் குளத்தருகே நாற்காலி எத்தனை மணிவரை கிடைத்தது என்பதையெல்லாம் சென்று வந்தவர்கள்தான் சொல்ல முடியும். இவை பற்றி நேரத்தோடும் நாளோடும் சொல்பவரின் குறிப்பை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: அறையின் இருப்பிடத்தை விசாரியுங்கள்

பயணிகளின் அனுபவம் மிக நேரடியாகப் பலன் தருவது அறையைத் தேர்ந்தெடுக்கும்போதுதான். கப்பலின் தள வரைபடத்தை எதிரில் விரித்துவைத்துக்கொண்டு, அறை எண்ணோடு எழுதப்பட்ட குறிப்புகளை ஒவ்வொன்றாக அதில் பொருத்திப்பாருங்கள். நீச்சல் குளத் தளத்துக்கு நேர்கீழே இருந்தவர்கள் விடியற்காலையில் நாற்காலிகள் இழுபடும் சத்தத்தைச் சொல்வார்கள். முன்பகுதியின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் நங்கூரச் சங்கிலி இறங்கும் ஓசையையும், கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் உந்திகளின் உறுமலையும் சொல்வார்கள். அரங்கத்துக்கும் இரவு விடுதிக்கும் மேலோ கீழோ உள்ள அறைகள், இரண்டு அறைகளுக்கு நடுவே இணைப்புக் கதவு உள்ளவை, உயிர்காப்புப் படகு பார்வையை மறைப்பவை ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக மேலும் கீழும் பயணிகளின் அறைகளே இருக்கும் தளம் அமைதியாக இருக்கும்.

கப்பல் ஆட்டத்தால் வரும் குமட்டலுக்கு அஞ்சுபவர்கள் கப்பலின் நீளத்தில் நடுப்பகுதியை, கூடியவரை கீழ்த்தளத்தை நாடுவது நல்லது. கப்பலின் இரு பக்கமும் நீளும் நிலைப்படுத்திகள் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும். முன்னும் பின்னும் எழுந்து தாழும் அசைவை அவற்றால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. அந்த அசைவு முன்முனையில்தான் மிகுதியாகத் தெரியும். ஆகவே "கப்பல் கடுமையாக ஆடியது" என்பவரிடம் அறை எங்கே இருந்தது என்று கேட்காமல் அந்தச் சொல்லை ஏற்காதீர்கள். குறைந்த கட்டணத்தில், அறை எண்ணை நிறுவனமே பின்னர் ஒதுக்கும் முறையும் உண்டு. சத்தத்தால் தூக்கம் கெடுபவர்கள் அதைத் தவிர்ப்பதே நலம்.

ஏழாம் படி: துறைமுகத்தையும் கரையையும் பற்றிக் கேளுங்கள்

வழித்தடப் பட்டியலில் இருக்கும் ஊர்ப்பெயர் சில நேரங்களில் கப்பல் நிற்கும் இடத்தைக் குறிக்காது. ரோம் என்று எழுதியிருந்தால் கப்பல் சிவிட்டாவெக்கியாவில் நிற்கும். ஃபிளாரன்ஸ் என்றால் லிவோர்னோ, பாரிஸ் என்றால் லு ஹாவ்ர், பெர்லின் என்றால் வார்னெமுண்டே. இவற்றில் கடைசி இரண்டிலும் நகரை அடையவே சில மணி நேரம் ஆகிவிடும். 2021 ஆகஸ்ட் முதல் 25,000 ஜிடிக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸ் நகரின் ஜூடெக்கா கால்வாயில் நுழையத் தடை இருப்பதால், வெனிஸ் என்று விற்கப்படும் பயணங்கள் பல வேறு துறைமுகங்களிலிருந்து புறப்படுகின்றன. சென்று வந்தவரிடம் கப்பலிலிருந்து இறங்கி நகரின் நடுவே நிற்க எவ்வளவு நேரமாயிற்று, திரும்பி வர எந்த வண்டியைப் பிடித்தார் என்று கேளுங்கள்.

சான்டோரினி, கிராண்ட் கேமன் போன்ற இடங்களில் பெரிய கப்பல்கள் துறையில் கட்டப்படாமல் கடலில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகள் சிறு படகில் கரைசேர்கிறார்கள். சக்கர நாற்காலியில் செல்பவர்களுக்கும் மூட்டுவலி உள்ளவர்களுக்கும் இது பெரிய தடையாகலாம். அலை அடித்தால் முதலில் ரத்தாவதும் இத்தகைய இடங்களே. அண்டார்டிகாவுக்குச் செல்ல எண்ணுபவர் 500க்கு மேற்பட்ட பயணிகளைச் சுமக்கும் கப்பல்கள் அங்கே யாரையும் தரையிறக்குவதில்லை என்பதையும், ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் இறங்க அனுமதியில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அங்கே சென்றவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி கப்பலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதும், ஒவ்வொருவரும் கரையில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பதும்தான்.

எட்டாம் படி: தூய்மையும் கூடுதல் செலவும்

அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் முன்னறிவிப்பின்றிச் சோதித்து 100க்கு மதிப்பெண் வழங்குகிறது. 85ம் அதற்குக் கீழும் தோல்வி. இந்த மதிப்பெண் எல்லாரும் பார்க்கும்படி வெளியிடப்படுவதால், தூய்மையைப் பற்றிப் பயணிகள் கூறுவதை இதனோடு ஒப்பிடலாம். வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரஸ் கையைத் துடைக்கும் ஆல்கஹால் திரவத்துக்கு எளிதில் அடங்காது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். ஆகவே உணவுக்கூடத்தின் வாசலில் கைகழுவும் தொட்டி இருந்ததா, பணியாளர்கள் அதை வலியுறுத்தினார்களா என்று குறிப்பிடும் பயணியின் கூர்மையை நான் மிகவும் மதிக்கிறேன்.

செலவைப் பொறுத்தவரை, நாள்தோறும் தானாகச் சேரும் பணியாளர் அன்பளிப்புத் தொகை, இணையம், பானங்கள், சிறப்பு உணவகங்கள் ஆகிய நான்கையும் பயணம் முடிந்தபோது கணக்கில் எவ்வளவு கண்டார்கள் என்று விசாரித்தால் போதும். மதுபானத் திட்டத்தை அறையில் ஒருவர் வாங்கினால் அதே அறையிலுள்ள மற்றப் பெரியவர்களும் வாங்க வேண்டும் என்ற விதி பல நிறுவனங்களில் இருக்கிறது. குடிக்காதவரோடு அறையைப் பகிர்பவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: நேரில் கேட்டு முடிவெடுங்கள்

இதற்குள் உங்கள் கையில் இரண்டு அல்லது மூன்று கப்பல்களே மிஞ்சியிருக்கும். இப்போது அவற்றில் சென்ற, உங்களைப் போன்ற வாழ்க்கை நிலையில் உள்ள ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்துப் பேசுங்கள். "நன்றாக இருந்ததா?" என்று கேட்டால் ஒரு சொல்லில் விடை வந்து நின்றுவிடும். கடலில் கழிந்த ஒரு நாளைக் காலை முதல் இரவு வரை விவரிக்கச் சொல்லுங்கள். எங்கே உட்கார்ந்தார்கள், எதற்கு வரிசையில் நின்றார்கள், எப்போது சலிப்பு தட்டியது என்று கேளுங்கள். மறுபடி அதே கப்பலில் சென்றால் எந்த அறையை எடுப்பார்கள், எதை முதல் நாளே முன்பதிவு செய்வார்கள் என்பது நான் எப்போதும் பரிந்துரைக்கும் கேள்வி. குறை சொல்லத் தயங்கும் நண்பர்கள்கூட இந்தக் கேள்விக்கு மனம் திறந்து பேசுவார்கள்.

முடிவெடுத்து முன்பதிவு செய்த பிறகும் விசாரிப்பதை நிறுத்திவிடாதீர்கள். மீதித் தொகையைச் செலுத்தும் கடைசி நாள் பல நிறுவனங்களில் பயணத்துக்கு ஏறக்குறைய மூன்று மாதங்களுக்கு முன் வரும். முன்பணத்தைத் திரும்பப் பெறும் வகையில் பதிவுசெய்தவர்கள் அதுவரை அறையையோ கப்பலையோ பெரிய இழப்பின்றி மாற்ற முடியும். அந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பு, அதே கப்பலில் அண்மையில் திரும்பியவர்கள் சொல்வதை மட்டும் மீண்டும் ஒருமுறை படியுங்கள். குளிரூட்டி பழுது, மூடப்பட்ட நீச்சல் குளம், புதுப்பிப்பு வேலை, மாறிய துறைமுக நேரம் போன்ற எதுவும் தெரிந்தால் முன்பதிவு முகவரிடம் எழுத்து வடிவில் விளக்கம் கேட்டு, விடை கைக்கு வந்த பிறகே மீதித் தொகையைச் செலுத்துங்கள்.